நாலு கட்டம்

துணைக்கு ஆள் இல்லாமல் ஒரு பெண் கடைக்குள் நுழைந்தால் கம்ப்யூட்டர் கடைக்காரருக்கு உள்ளுக்குள் விசில் அடிக்கும். அன்றைக்கும் அடித்தது.

முதுகில் லேப்டாப் பை, கறுப்பு ஷூ, ஒட்ட வெட்டிய முடி. சிரிப்பு மட்டும் இல்லை.

"இருபத்தேழு இஞ்ச் மானிட்டர் வேணும். பகல்ல வேலைக்கு, சாயங்காலம் கேம்ஸுக்கு. நூத்து நாப்பத்துநாலு ஹெர்ட்ஸ், படம் துள்ளாம ஓடணும்."

"கேம் விளையாடுறது தம்பியாம்மா? அவரைக் கூட்டிட்டு வந்திருக்கலாமே. இந்த ஹெர்ட்ஸ் கிர்ட்ஸ் எல்லாம் சொன்னா அவருக்குப் புரியும்."

"விளையாடுறது நான். எனக்கே சொல்லுங்க."

அவர் எங்கே சொன்னார்? உள்ளே போய் ஒரு பெட்டியைத் தூக்கி வந்தார். போன வாரம் கைக்கு வந்த பழைய மானிட்டர். துடைத்து, புது ஸ்டிக்கர் ஒட்டி, முகத்தில் பிளாஸ்டிக் தாள் போர்த்தி, பெட்டியில் வைத்து டேப் அடித்திருந்தார். இந்தக் கைவேலையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

"கடைசி பீஸும்மா. பெட்டியே பிரிக்கலை. கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போ."

"கண்ணைத் திறந்துகிட்டே பார்க்கிறேன். கனெக்ட் பண்ணுங்க."

கையில் கிடைத்த ஏதோ ஒரு கேபிளை எடுத்துக் கடைக் கம்ப்யூட்டரில் செருகினார்.

"இந்தப் பழைய எச்டிஎம்ஐ கேபிள்ல அறுபது ஹெர்ட்ஸ்தான் வரும். டிஸ்ப்ளே போர்ட் கேபிள் பெட்டிக்குள்ளயே இருக்கணுமே? பெட்டியே பிரிக்கலைன்னீங்க."

பெட்டியில் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு டிராயரிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அவளே மாட்டினாள். செட்டிங்ஸில் போய் அறுபதை நூற்று நாற்பத்துநாலாக மாற்றினாள். பிறகு திரை முழுக்க ஒவ்வொரு நிறமாக நிரப்பினாள். வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம்.

"செத்த புள்ளி ஒண்ணும் இல்லையேம்மா?" என்றார் வெற்றிக் களிப்பில்.

அவள் சாம்பல் நிறத்துக்கு மாற்றினாள்.

சாம்பலுக்குள்ளிருந்து ஏதோ மெல்ல எழுந்து வந்தது. ஒரே படத்தை நாள்கணக்கில் காட்டிய திரையில் தங்கிவிடுமே, அந்தத் தழும்பு. நாலு கட்டம். கண்காணிப்புக் கேமராப் படம்தான். ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் எழுத்து. கடைக்காரர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார்.

வாசல். விசாரணை அறை. ஆயுத அறை. லாக்கப்.

ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. அவர் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

"இது எங்கேருந்து வந்துச்சு?" அவள் குரலை உயர்த்தவில்லை.

கறுப்பு ஷூவை மறுபடி பார்த்தார். வெட்டிய முடியையும் பார்த்தார். "மேடம்... நீங்க போலீஸா?"

"நான் மானிட்டர் வாங்க வந்திருக்கேன். கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"சத்தியமா எனக்குத் தெரியாது மேடம்! ஒரு அம்மா வந்து, புருஷன் தவறிட்டார், அவர் வெச்சிருந்தது, வீட்டுல பார்க்கப் பார்க்க நெஞ்சு அடைக்குதுன்னு அழுதாங்க. பாவம் பார்த்து வாங்கினேன்."

"பாவம் பார்த்து எவ்வளவு கொடுத்தீங்க?"

கொடுத்தது, அந்த அம்மா கேட்டதில் பாதிகூட இல்லை.

"அப்போ இது புதுசு இல்லை?"

"இல்லை மேடம்."

போலீஸ் ஸ்டேஷனிலேயே கை வைத்த திருட்டுச் சாமான். கடைக்குப் பூட்டு, தனக்கு விலங்கு. இரண்டும் கண்ணெதிரே வந்து நின்றன. ஓட்டமாகக் குடோனுக்குப் போய், கம்பெனி சீல் உடையாத உண்மையான புது மானிட்டரைச் சுமந்து வந்தார்.

"இதை எடுத்துட்டுப் போங்க மேடம். காசு வேணாம். நான் பிள்ளைகுட்டிக்காரன்."

"ஓசியில எனக்கு எதுவும் வேணாம். பில் போடுங்க. பணம் வாங்கியாச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. வாரண்டி கார்டும் வேணும்."

அவள் பணம் எடுக்கவில்லை. அவர் எழுதினார். கையெழுத்து இரண்டு வரிக்கு ஓடியது.

"அந்தப் பழசை இன்னொருத்தர் தலையில கட்டக்கூடாது. என் கண் முன்னால உடைங்க."

சுத்தியலை அவரே தேடி எடுத்தார்.

வீட்டில் புதுத் திரை பளிச்சென்று எரிந்தது. சாம்பல் நிறம் வெறும் சாம்பலாகவே இருந்தது. அம்மா கன்னத்தில் கை வைத்துப் பார்த்தாள். "என்னமோ போன வாரம் அந்தக் கடையில அழுததுல இன்னும் கண்ணு எரியுதுடி. ஆமா, அந்த ஆளுக்கு உன்னை அடையாளம் தெரியலையா?"

"எப்படிம்மா தெரியும்? மூணு மாசம் முன்னால என் முதல் சம்பளத்தை வாங்கிக்கிட்டு அதே டப்பாவைப் புதுசுன்னு கொடுத்தாரே, அன்னைக்கு அவர் பேசினது பூரா அண்ணன் மூஞ்சியைப் பார்த்துதானே? திருப்பிக் கொடுக்கப் போனப்போகூட, 'ஆம்பளைங்களை வரச் சொல்லு'ன்னு போனைப் பார்த்துக்கிட்டேதான் சொன்னார்."

அண்ணன் புதுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தான். ஐம்பது நாள் அந்தப் பழைய திரையில் அணைக்காமல் ஓடவிட்ட, தன் கையாலேயே வரைந்த லாக்கப் படத்தைக் கணினியிலிருந்து அழித்துவிட்டு, தங்கைக்காகக் கார் பந்தயத்தைத் திறந்து வைத்தான்.