வெயிலில் ஊதிய விசில்

காவல்காரி இரண்டாம் முறை விசில் ஊதினாள். எல்லோரும் படியேறிவிட்டார்கள். பள்ளத்துப் பூங்காவின் அடியில், பெஞ்சில் ஒரு பெரியவர் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

“சார், மேல வாங்க. தண்ணி வருது.”

“வெயில் மண்டையைப் பிளக்குது. தண்ணி எங்கேம்மா இருந்து வரும்?”

“மழை இங்க பெய்யணும்னு இல்ல சார். ஊருக்கு அந்தக் கோடியில பெஞ்சா போதும். அவ்வளவு தண்ணியும் இந்தப் பெரிய குழாய் வழியா வந்து இங்க நிக்கும். அப்புறம் அந்தச் சின்னக் குழாய்ல மெதுவா வடியும். தெருவெல்லாம் முங்காம இருக்கத்தான் இந்தப் பார்க் முங்குது.”

“முன்னாடி இருந்த காவல்காரன் இப்படி விரட்ட மாட்டான். ஆட்டம் முடியட்டும்னு விடுவான். ஆனா கைசுத்தம் இல்லாதவன்.”

“ஏன் சார்?”

“போன வருஷம் விசில் ஊதினப்போ அவசரத்துல செஸ் போர்டை இங்கேயே விட்டுட்டேன். எங்கப்பா வாங்கிக் குடுத்தது. ‘நீங்க போங்க, நான் எடுத்துட்டு வரேன்’னான். வெளிய டாக்ஸி நின்னுச்சு, மக ஊருக்குக் கிளம்பிட்டேன். இன்னைக்குத்தான் திரும்பி வரேன். ஆளையும் காணோம், போர்டையும் காணோம். அமுக்கிட்டான்!”

பெரிய குழாய்க்குள் உறுமல் கேட்டது. அவள் அவர் கையைப் பிடித்து, ஏறக்குறைய இழுத்துக்கொண்டே படியேறினாள். மேலே வந்து திரும்பிப் பார்த்தபோது பெஞ்சைக் காணவில்லை.

அவள் காவல் அறைக்குள் போய், ஊறி உப்பிப்போன ஒரு செஸ் போர்டை எடுத்துவந்து நீட்டினாள்.

“என் வீட்டுக்காரர் கையில இருந்துச்சு சார். விரலைப் பிரிச்சுத்தான் எடுத்தாங்க.”