வள்ளலுக்கு ஒரு சால்வை

காலிங்பெல் அடித்தபோது கட்டம் போட்ட சட்டைக்காரர் எக் பப்ஸில் பாதியைத் தின்றிருந்தார். மீதியையும் வாயில் திணித்துக்கொண்டு, உள்தாழ்ப்பாளை நீக்கிக் கதவை ஒரு சாண் திறந்தார்.

வாசலில் நாற்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. கழுத்தில் 'நிவாரணக் குழு - நீலாஞ்சனா' என்று அட்டை. அவரைப் பார்த்ததும் வாசல் போர்டை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கையிலிருந்த சாவிக்கொத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு பெரிதாகச் சிரித்தாள்.

"வணக்கம் சார். ஆதிநாதன்னு போர்டு இருக்குதே, அது சார்தானா?"

"ஆமா. இன்னா வேணும்?"

"இலங்கையில புயலடிச்சி, மலைத் தோட்டத்துல ஜனங்க வீடு வாசல் இல்லாம நிக்கிறாங்க சார். அவங்களுக்குச் சாமான் சேர்க்கிறோம். சாயங்காலம் செஞ்சியிலேருந்து லாரி தூத்துக்குடிக்குப் போவுது. அங்கேருந்து கப்பல்."

அவருக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. ஹாலில் இரண்டு மூட்டைகள் கட்டித் தயாராக இருந்தன. அவற்றோடு திண்டிவனம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அந்த நேரம் பார்த்தா இந்தத் தொல்லை? அதுவும் இந்தக் காலத்தில் யாரை நம்புவது? எங்கேயாவது புயலோ பூகம்பமோ வந்தால் போதும், அதைச் சொல்லிப் பிழைக்க ஊருக்குள் பத்துப் பேர் கிளம்பிவிடுகிறார்கள்.

"இந்தாம்மா நூறு ரூபா. கெளம்பு."

"காசு கையில வாங்கறதில்ல சார். பேங்க்லதான் போடணும்."

"அப்ப பழைய துணி தரேன்."

"ஐயோ, அது வேணவே வேணாம் சார். ஒரு தடவை மூட்டை மூட்டையா அனுப்பிட்டோம். அது நனைஞ்சி நாறி, அதைக் கொளுத்தறதே அவங்களுக்குத் தனி வேலையாப் போச்சி. இப்பல்லாம் அங்க இருக்கறவங்களைக் கேட்டுட்டுத்தான் அனுப்பறது. கரண்ட் இல்ல, வெளக்கு குடுங்கன்னு கேக்கறாங்க."

பேச்சு இங்கே இருந்ததே தவிர, அவள் கண் அவர் தோளைத் தாண்டி வீட்டுக்குள் மேய்ந்துகொண்டிருந்தது. ஹால், பீரோ இருந்த அறை, பின்கட்டுக் கதவு என்று ஒன்றையும் விடவில்லை.

"வீட்ல அம்மா இல்லீங்களா?"

"திருவண்ணாமலைக்குப் போயிருக்கா."

"அப்படீங்களா" என்று அக்கறையாகக் கேட்டுக்கொண்டாள். "வர நாளாகுங்களா?"

சட்டைக்காரருக்குச் சுருக்கென்றது. வீட்டில் யார் இருக்கிறார்கள், எப்போது வருவார்கள் என்ற கணக்கெல்லாம் நிவாரணத்துக்கு எதற்கு?

"ஏம்மா, நீ நெஜமாவே குழுதானா? போலீசைக் கூப்டட்டுமா?"

"தாராளமா கூப்டுங்க சார். ஊரெல்லாம் ஏமாத்துக்காரங்க. சந்தேகப்படறது நல்லதுதான்."

என்ன நெஞ்சழுத்தம்! எடுத்த செல்போனை அவர் மறுபடி சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். போலீஸ், விசாரணை என்று உட்கார்ந்தால் பஸ் போய்விடும்.

"அந்த மூட்டையில இன்னா சார்?"

"துணிதான்."

"சாக்குக் கிழிசல்ல சோலார் வெளக்கு எட்டிப் பாக்குதே சார்."

எதிர்வீட்டு மாடியில் மல்லாட்டை காயவைத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். தெருவில் கூட்டம் சேர்ந்தால் வம்பு. விளக்கு மூட்டையைக் கொடுத்துத் தொலைத்தால் பித்தளைப் பாத்திர மூட்டையாவது மிஞ்சும் என்று மனிதர் மனத்தைத் தேற்றிக்கொண்டார்.

"சரி, வெளக்கை எடுத்துக்க. தூக்கினு கெளம்பு."

"புண்ணியவான் சார் நீங்க."

புண்ணியவான் என்று கேட்டதும் அவருக்கே கொஞ்சம் குளிர்ந்துவிட்டது. "இன்னொரு எக் பப்ஸ் இருக்குது. சாப்டறியா?"

அவள் நெருப்பை மிதித்தவள்போல ஓரடி பின்னால் போனாள். "இந்த வீட்லயா?" என்று முணுமுணுத்தாள்.

மயக்க மருந்து வைத்து ஏமாற்றுகிறவளுக்கு அடுத்தவன் கொடுப்பதைத் தின்னப் பயமாகத்தானே இருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அவள் போனை எடுத்தாள். "ஆமாங்க, ஆதிநாதன் சார் வீட்லதான் நிக்கறேன். சார் எதிர்லயே இருக்காரு. ஒரு மூட்டை வெளக்கு தர்றாராம், இன்னொரு எக் பப்ஸ் இருக்குதுன்னு சாப்டவும் சொல்றாரு. லாரியைக் கொண்டாங்க. நல்ல தெம்பான ஆளா நாலு பேரு வரட்டும். சாருக்கு ஒரு சால்வையும் எடுத்துனு வாங்க."

ஒரு மூட்டைக்கு நாலு ஆளா? மனிதருக்கு வேர்த்துவிட்டது. கூட்டமாக வந்து வீட்டையே துடைத்துக்கொண்டு போகிற கும்பலேதான். பித்தளை மூட்டையோடு பின்பக்கமாக ஓடிவிடலாமா என்று யோசித்தார். யோசித்து முடிப்பதற்குள் கடைத்தெருவிலிருந்து லாரி வந்து நின்றது.

நாலு பேர் குதித்து உள்ளே நுழைந்தார்கள். இரண்டு பேர் விளக்கு மூட்டையைத் தூக்கினார்கள். இரண்டு பேர் பித்தளை மூட்டையைத் தூக்கினார்கள்.

"அது என்னுது! அதைத் தரேன்னு சொல்லல!" என்று சட்டைக்காரர் கத்தினார். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கடைசியாக இறங்கிய வேட்டிக்காரர் நிதானமாக வந்து அவருக்குச் சால்வை போர்த்தினார். இரண்டு முனைகளையும் முன்னால் இழுத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நீலாஞ்சனா அதைச் செல்போனில் படம் எடுத்தாள்.

"மூச்சு முட்டுது, விடுங்க. நீங்க யாரு சார்?"

"நான்தான் ஆதிநாதன்" என்றார் வேட்டிக்காரர், பிடியைத் தளர்த்தாமல். "போன் பண்ணது என் வீட்டுக்காரி, ஊர் குடுத்த வெளக்கையெல்லாம் எங்களை நம்பி இங்கதான் வெச்சிருந்தாங்க, போலீசு வந்துனு இருக்குது, போறப்ப அந்த இன்னொரு எக் பப்ஸையும் மறக்காம எடுத்துனு போங்க, எங்க ஜைனர் வீட்ல முட்டை ஆவாது."