ஆண்பிள்ளைச் சுருதி

டிலக்சி பாடி முடித்ததும் இந்திரா ரீச்சர் சுருதிப்பெட்டியை ஐந்து கட்டையிலிருந்து ஒரு கட்டைக்கு இறக்கினார்.

அடுத்தது ஹரிசன். வயது ஏழு.

ஒஸ்லோவின் ரொம்சோஸில் வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் அன்று வாய்ப்பாட்டு வகுப்புக்குப் பிள்ளைகளைத் தெரிவுசெய்தார்கள். மிருதங்கத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் சேந்தன், ஹரிசனின் அப்பா.

சேந்தன் இரண்டு மிருதங்கம் கொண்டுவந்திருந்தான். சின்னது பெண்பிள்ளைகளின் ஐந்து கட்டைக்கு. பெரியது ஆண்பிள்ளைகளின் ஒரு கட்டைக்கு. ரீச்சரின் வகுப்பில் அது எழுதாத சட்டம்.

ஒரு கட்டை என்பது மீசை முளைத்தவர்கள் பாடும் சுருதி. ஏழு வயதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தொண்டை ஒன்றுதான். ஆனால் இதை ரீச்சரிடம் போய்ச் சொல்ல ஒஸ்லோவில் எவருக்கும் துணிவு வந்ததில்லை. பாதிப்பேர் அவரிடம் படித்தவர்கள்.

காலையிலிருந்து மூன்று பையன்கள் வந்து போனார்கள். இருவர் நாடியை நெஞ்சில் புதைத்துக்கொண்டு, இறங்க முடியாத இடத்துக்கு இறங்கப் பார்த்துக் கரகரத்தார்கள். ஒருவன் மட்டும் தனக்கு வந்தபடி மேலே ஏறிப் பாடினான்.

"பெட்டையள் மாதிரிப் பாடாதை" என்றார் ரீச்சர்.

மூவருக்கும் ஒரே தீர்ப்பு. குரல் சேராது, பக்கத்து அறையில் மிருதங்கம் பழகட்டும்.

ஹரிசன் பல் தீட்டும்போதும் பாடுகிறவன். ரயிலில் பாடி, பேப்பர் படிக்கிற வெள்ளைக்காரரைத் திரும்பிப் பார்க்க வைக்கிறவன். இன்றைக்கு இந்தத் தீர்ப்பைக் கேட்டால் இனி வாயே திறக்க மாட்டான். சேந்தனுக்கு அது நிச்சயமாகத் தெரிந்தது.

"பெரிய மிருதங்கத்தை எடும், சேந்தன். ரெண்டு மணிக்கு மண்டபம் விடவேணும்."

எடுத்தான். தட்டிப் பார்த்தான். வீட்டிலேயே சுருதி சேர்த்துக் கொண்டுவந்தது. அச்சொட்டாக ஒரு கட்டையில் நின்றது.

கல்லை எடுத்து விளிம்பில் தட்டினான். உருட்டித் திருப்பி இன்னொரு தட்டு.

சுருதி சேர்க்கிறான் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவன் கலைத்துக்கொண்டிருந்தான். ஒரு பக்கத்தை ஏற்றினான், எதிர்ப்பக்கத்தை இறக்கினான். முப்பது வருடமாகப் பழகிய கை அந்த வேலையைச் செய்யக் கூசியது.

ரீச்சரின் காது லேசுப்பட்டதல்ல. அவர் நிமிர்ந்து பார்த்தார். வெளியே சைபருக்குக் கீழே பன்னிரண்டு பாகை. சேந்தனின் கழுத்து வியர்த்தது.

"சேருதில்லை, ரீச்சர். குளிருக்குத் தோல் இறுகிப்போச்சு."

ரீச்சர் மிருதங்கத்தைப் பார்த்தார். சேந்தனைப் பார்த்தார். அவன் கண்ணை எடுக்கவில்லை. அதற்குள் காவலாளி சாவிக்கொத்தோடு கதவடியில் வந்து நின்றுவிட்டான்.

"சரி, சின்னனிலையே வாசியும்" என்று சலித்துக்கொண்டு ரீச்சர் பெட்டியை ஐந்துக்கு ஏற்றினார்.

ஹரிசன் பாடினான்.

குளிர்ச்சட்டை மாட்டிக்கொண்டிருந்த தாய்மார் ஒரு கையை மாட்டி, மறு கையை மாட்டாமல் நின்றார்கள். மிருதங்கம் சேர வேண்டிய இடத்தைச் சேந்தன் தவறவிட்டான். அவன் வாழ்க்கையில் அப்படி நடந்ததே இல்லை.

பாட்டு முடிந்ததும் ரீச்சர் ஹரிசனின் பெயருக்கு எதிரே 'வாய்ப்பாட்டு' என்று எழுதினார்.

"இத்தனை வருசத்திலை ஒரு ஆம்பிளைப்பிள்ளையிட்டை இப்பிடிக் குரல் நான் காணேல்லை. உங்கடை வீட்டிலை ஆர் பாடுறவை?"

"ஒருத்தரும் இல்லை, ரீச்சர்."

அவருக்கு நினைவில்லை என்பது சேந்தனுக்கு அப்போதுதான் விளங்கியது. ஏழு வயதில் அம்மா அவனை இவரிடம் கூட்டிவந்தது மிருதங்கம் பழக்க அல்ல.