முடிஞ்சுபோன கேஸ்

“ரஞ்சித்குமார் அந்தக் கொலையைப் பண்ணலைங்க சார்.”

இன்ஸ்பெக்டர் சிவக்குமார் தலையை நிமிர்த்திப் பார்த்தார். எதிரில் நின்றவருக்கு ஐம்பது வயதிருக்கும். பஸ்ஸில் வந்து இறங்கிய கசங்கல் சட்டையில் தெரிந்தது.

“எந்த ரஞ்சித்குமார்?”

“சவுரியப்பன் கொலைக் கேஸ்லங்க. ஏழு மாசமா சேலம் ஜெயில்ல கெடக்கறானே, அவன். பாவங்க, கைக்குழந்தைக்காரன்.”

இன்ஸ்பெக்டர் சிரித்தார். மூன்றே நாளில் துப்புத் துலக்கிய வழக்கு அது. பாராட்டுச் சான்றிதழ்கூட வாங்கியிருந்தார்.

“வரப்புத் தகராறு. வெட்டிக் கெணத்துல போட்டுட்டான். பார்த்த சாட்சி ரெண்டு பேரு. தீர்த்தமலைக் கோயில்ல வந்து சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவாங்க.”

“அவங்க எப்படிங்க பார்த்திருக்க முடியும்? நான் என்ன சொல்ல வர்றேன்னா...”

“அருவா கெடைச்சிருக்கு. ரத்தக் கறையோட.”

“அவன் ஞாயித்துக்கெழமை ஆனா ஆட்டுக்கறி வெட்டறவனுங்க.”

“பொணத்தை அடையாளம் காட்டினது சவுரியப்பன் சம்சாரம்யா.”

“ஊறிப்போன மூஞ்சிலே என்னங்க தெரியும்? நீங்க காட்டின எடத்துல அது கைநாட்டு வெச்சிருக்கும்.”

“ரஞ்சித்குமாரே ஒத்துக்கிட்டானே” என்றார் ஏட்டு சென்னப்பன். எப்படி ஒத்துக்கொண்டான் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அந்த வாக்குமூலத்துக்குப் பிறகு ஒரு வாரம் அவருக்கு வலது தோள் வலித்தது.

வந்தவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“அவனோட சண்டை போட்டுக் கோவிச்சுக்கிட்டு, வூட்ல சொல்லாம குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போனது என் தப்புங்க. நேத்து ஊர்க்காரர் ஒருத்தர் அங்க வந்தாரு. என்னைப் பார்த்ததும் அலறிட்டாரு. அப்பதான் எனக்கே விஷயம் தெரியும். நான்தாங்க சவுரியப்பன்.”

ஆதார் அட்டையை மேசைமேல் வைத்தார்.

இன்ஸ்பெக்டர் அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

“உக்காருங்க” என்றார் மரியாதையாக. “நல்லவேளை வந்தீங்க. ஒரு அப்பாவியை வெளிய விட்டுடலாம்.”

சவுரியப்பன் கைகூப்பினார்.

“ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க. நீங்க உயிரோட இருக்கீங்க. அப்படின்னா, வேற எவனையோ வெட்டிக் கெணத்துல போட்டுட்டு ஏழு மாசமாத் தலைமறைவா இருந்திருக்கீங்க. அவன் யாரு?”

ஏட்டு எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினார்.