மீன்களுக்குப் பிடித்த ஏச்சு

மாசிக் குளிரில் கனடாவின் உறைந்த ஏரிகளில் பனிக்கு அடியில் மீன்கள் சோம்பிக் கிடக்கும். எந்த ஓசைக்கு அவை எழும்பும் என்று சொல்லும் கருவியை என் கணவர் தயாபரன் வாங்கியிருந்தார். ஏரிப் பனியின் மேல் போட்ட மீன்பிடிக் குடிலுக்குள் இருந்தபடி, பனியில் குடைந்த துளைக்குள் மழை, தவளை, மணி எல்லாம் ஒலிக்கவிட்டுப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை.

"காலுறை நனைஞ்சுபோச்சு. உங்களை நம்பி வந்தன் பாருங்கோ!" என்று ஏசினேன்.

திரையில் ஏழு மீன்கள் மேலே வந்தன. 'உகந்த ஓசை: மனைவி' என்றது கருவி.

"இஞ்சேரும், இன்னும் ஏசும். பின்னேரம் சம்பந்தி ஆக்கள் வருகினம். நான் பிடிச்ச மீனிலதான் குழம்பு எண்டு சொல்லிப்போட்டன்."

முப்பது வருட மனக்குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எல்லாம் எப்போதோ ஆறிப்போயிருந்தன. சும்மா கத்தினேன், மீன்கள் ஏமாறவில்லை, ஆழத்துக்கே திரும்பின. கோபமும் இல்லையென்றால் இந்த மனிதரோடு இனி எதைப் பேசுவது என்று பயமாக இருந்தது.

அவர் வெளியே எட்டிப் பார்த்தார். "பக்கத்துக் குடில் சுகிர்தாவைக் கேட்டுப் பாப்பமே? அவவுக்கும் நல்ல குரல்தானே."

நான் எழும்பி நின்றேன்.

வாளி நிறைந்த பிறகும் ஏச்சை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.