இங்கே வந்ததைச் சொல்வதில்லை

திண்டுக்கல்லை ஒட்டிய அந்தப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களின் குறைகளைக் கேட்கும் அலுவலர் கிளாரா. தன்னிடம் யார் வந்தார்கள் என்பதை அவர் யாரிடமும் சொல்லமாட்டார். அந்த அறைக்கு வருகைப் பதிவேடுகூடக் கிடையாது. எட்டு வருடமாக இதில் இம்மியும் பிசகியதில்லை.

காலை பதினோரு மணிக்கு, வடமதுரைப் பெண் சுகன்யா வந்து எதிரே உட்கார்ந்து அழுதாள்.

“ஹாஸ்டல்ல சாயங்காலம் வார்டன் பேர் கூப்பிடுறப்ப, நான் வாயத் தொறக்குறதுக்கு முன்னாடியே என் குரல்ல யாரோ ‘பிரசன்ட் மேடம்’னு சொல்றாங்க. அம்புட்டுப் பேரும் நான்தான்னு நினைக்கிறாங்க. பயமா இருக்கு மேடம்.”

“வார்டன்கிட்ட பேசட்டுமா?”

“பேசுங்க. நான் இங்க வந்தத மட்டும் சொல்லிறாதீங்க.”

சத்தியம் பண்ணாத குறையாக ஒப்புக்கொண்டு, கிளாரா போன் போட்டார்.

“சுகன்யாவா?” என்றார் வார்டன். “காய்ச்சல்னு மாத்திரை கேட்டு இப்பதான் வந்தா. என் முன்னாலதான் நிக்கிறா. இந்தாங்க, அவகிட்டயே பேசுங்க.”

கிளாரா நிமிர்ந்து பார்த்தார். எதிரே இருந்தவள் குனிந்தபடி அழுதுகொண்டிருந்தாள். அதே குரல் போனிலும் அழுதது.

“மேடம், உங்களப் பாக்க வரலாம்னுதான் இருந்தேன். எனக்கு முன்னாடியே அவ அங்க வந்துட்டாளா?”

வந்துட்டா என்று கத்த நினைத்தார் கிளாரா. எட்டு வருடப் பழக்கம் முந்திக்கொண்டது.

“இங்க யார் வந்தாங்கன்னு நாங்க யார்கிட்டயும் சொல்றதில்லம்மா.”

எதிரே அழுகை நின்றது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை மேசைக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.