முதல் கைத்தட்டல்

"அதெல்லாம் நடிப்பாடா? உன் பெண்டாட்டி முதல் வரிசையில உட்கார்ந்து தட்டுறா, அவ பின்னாலேயே ஜனமும் தட்டுது. அவ்வளவுதான்!"

ஒப்பனை அறைக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து அண்ணன் பொருமினான். பக்கத்து நாற்காலியில் அதே மூக்கு, அதே முழி, அதே ஒட்டு மீசையோடு தம்பி.

"விடுண்ணா. அவ தட்டினாத்தான் எனக்கு நடிப்பே வருது."

"எனக்கும் ஒருத்தி இருக்காளே! தட்டுறாளா? கொட்டாவி விடுறா!"

இரட்டையரை ஊரே மாற்றி மாற்றிப் பிடித்துக் குழம்பும் நகைச்சுவை நாடகம் அது. நிஜ இரட்டையரே நடித்ததால் தினமும் அரங்கம் நிறைந்தது. ஆனால் கொஞ்ச நாளாக, எழுதிக் கொடுக்காத குழப்பத்தையெல்லாம் தம்பி சேர்த்துக்கொண்டிருந்தான். மாமனாரிடம் பேச வேண்டியதை வேலைக்காரனிடம் பேசுவான். கதவு என்று அலமாரியைத் திறப்பான். ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். அண்ணனுக்கு வயிறு எரியும்.

போதாக்குறைக்கு முதலாளி நேற்று சொல்லிவிட்டார்: "அடுத்த நாடகத்துல ஒரே கதாநாயகன்தான். உங்க ரெண்டு பேர்ல யாருன்னு நாளைக்குப் பார்த்துட்டுச் சொல்றேன்."

அம்மா வயிற்றிலேயே பாதி இடத்தைப் பிடுங்கிக்கொண்டவன் இப்போது மேடை முழுவதையும் பிடுங்கப் பார்க்கிறான். அண்ணனால் பொறுக்க முடியவில்லை. நைசாக எழுந்து வாசலுக்குப் போய், டிக்கெட் கிழிப்பவரைத் தனியே அழைத்தான்.

"தம்பி பெண்டாட்டி வந்தா, உள்ளே இடமில்லைன்னு சொல்லி வெளியிலேயே உட்கார வெச்சிடு."

"பாவம் சார், தினம் வர்ற அம்மா..."

"ஒருநாள் பார்க்காட்டி ஒண்ணும் குடி முழுகிடாது!"

திரை விலகியது. அண்ணன் பிரமாதமாக நடித்துவிட்டு வந்து ஓரமாக நின்றான். அடுத்து தம்பி மேடையேறினான். முதல் வரிசையில் யாரும் தட்டவில்லை. அண்ணனின் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

தம்பி தயங்கித் தயங்கி நின்றான். பிறகு ஜனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பின்சுவரைப் பார்த்துக் கைகூப்பி, "பெரியவங்களே, நீங்களாவது நம்புங்க! நான் என் அண்ணன் இல்லை!" என்று முழங்கினான்.

அரங்கமே அதிர்ந்தது. சிரிப்பு அடங்கவே வெகுநேரம் ஆனது.

நாடகம் முடிந்ததும் முதலாளி ஓடிவந்து அண்ணனைக் கட்டிக்கொண்டார். "நீதான்யா அடுத்த கதாநாயகன்! சுவத்தைப் பார்த்துக் கும்பிட்டியே, அடடா!"

"அது நான் இல்லை சார், அவன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு தம்பியைக் காட்டினான் அண்ணன்.

முதலாளி போனதுதான் தாமதம், தம்பியின் சட்டையைப் பிடித்தான்.

"சுவத்துக்கிட்ட வசனம் பேசுற வித்தையை எவன்டா சொல்லிக் கொடுத்தான்? என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

தம்பி தடவித் தடவி அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வித்தையெல்லாம் இல்லைண்ணா. கொஞ்ச நாளா கண்ணு போயிட்டே இருக்கு. விளக்கைப் போட்டா எல்லாப் பக்கமும் ஒரே வெள்ளையாத் தெரியுது. அவ கை தட்டுற சத்தத்தை வெச்சுத்தான் ஜனம் எந்தப் பக்கம்னு கண்டுபிடிப்பேன். இன்னிக்கு அவ ஏன் வரலைன்னு தெரியலை... நீ எங்கேயாவது பார்த்தியாண்ணா?"